கட்டற்ற சிமுலேஷன் மென்பொருள்: தொடங்குகிறவருக்கு எது கைக்கு அடங்கும்?

புதுவிசை

வணக்கம் நண்பர்களே. இயந்திர உதிரிகள் வடிவமைப்பது என் வேலை, தனி ஆளாகத்தான் செய்கிறேன். படிக்கிற காலத்தில் ஆய்வகத்தில் இருந்த ஒரு பெரிய வணிக மென்பொருளில் பழகியவன். இப்போது அதற்கு உரிமம் வாங்கும் நிலையில் இல்லை. திருட்டுப் பிரதி வைத்துக்கொண்டு பிழைக்கவும் மனமில்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. மோட்டாரைத் தாங்கும் ஓர் எல் வடிவப் பிராக்கெட், சில தண்டுகள், தகடுகள். எவ்வளவு வளையும், எங்கே ஸ்ட்ரெஸ் (பொருளுக்குள் எழும் தகைவு) கூடும் என்று தெரிந்தால் போதும். எப்போதாவது ஒரு ஹீட் சிங்க் (சூட்டைக் காற்றுக்குக் கடத்திவிடும் உலோகத் துண்டு) வரும். குழாய்க்குள் தண்ணீர் ஓட்டம் பார்க்கும் வேலை ஒன்றும் வரும் போலிருக்கிறது. கையில் இருப்பது 16 ஜிபி நினைவகம் உள்ள விண்டோஸ் மடிக்கணினி. லினக்ஸ் தெரியாது, கற்றுக்கொள்ள மறுப்பில்லை.

தேடினால் இருபது பெயர் வந்து விழுகிறது. எல்லாவற்றின் பக்கத்திலும் "பயன்படுத்த எளிது" என்று போட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே எது எளிது?

வரைபலகை

ஃப்ரீகேட். வேறு யோசனையே வேண்டாம். வரைவதும் அதில்தான், கணக்கிடுவதும் அதில்தான். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்த பிறகு முன்பிருந்த பெரிய தலைவலி ஒன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் வரைபடத்தில் ஒரு துளையை நகர்த்தினால் முகங்களின் பெயர்கள் மாறிப்போய், லோடு வைத்த இடம் வேறெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே இருக்கும் எஃப்.இ.எம். (பாகத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கணக்கிடும் முறை) பணிமேசையைத் திறங்கள். பொருள் தேர்வு, நிலைப்படுத்தும் முகம், விசை, மெஷ் (அந்தத் துண்டுகளின் வலை), ஓட்டு. அவ்வளவுதான்.

கட்டளைவரி

"அவ்வளவுதான்" என்று சொல்லிச் சொல்லித்தான் ஆட்களை மாட்டிவிடுகிறோம். ஃப்ரீகேட் நல்ல வரைபடக் கருவி, அதை மறுக்கவில்லை. ஆனால் உருப்படியாகச் செய்வதென்றால் கோட் ஆஸ்டர். பிரான்சின் மின் நிறுவனமான ஈ.டி.எஃப். 1989 முதல் தன் சொந்த நிலையங்களின் பாகங்களைச் சரிபார்க்க வளர்த்துவந்த கருவி அது. 2001ல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். சரிபார்த்த சோதனைக் கணக்குகள் மட்டும் ஆயிரக்கணக்கில் கூடவே வருகின்றன. சலோமே-மெக்கா என்ற தொகுப்பாக எடுத்தால் மெஷ், சால்வர் (கணக்கைத் தீர்க்கும் நிரல்), முடிவு பார்ப்பது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

வரைபலகை

ஆவணங்கள் எந்த மொழியில் என்பதையும் சொல்லிவிடுங்களேன் :)

கட்டளைவரி

பிரெஞ்சு. ஆங்கிலத்தில் இருப்பது பெரும்பாலும் இயந்திர மொழிபெயர்ப்பு. கட்டளைப் பெயர்களும் பிரெஞ்சுதான். பொருளை வரையறுக்க "டெஃபி மத்தேரியோ" என்று எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பழகிவிடும் என்பது என் அனுபவம். லினக்ஸில் கன்டெய்னராக (தேவையான எல்லாம் சேர்த்துக் கட்டிய பொதியாக) ஓட்டுவதுதான் இப்போது நேர்வழி.

நெம்புகோல்

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கேட்டவருக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு. முகப்பு வேறு, சால்வர் வேறு. வணிக மென்பொருளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் நமக்கு அந்தப் பிரிவு கண்ணில் படுவதில்லை. கட்டற்ற உலகில் அவை தனித்தனி ஆட்கள் எழுதிய தனித்தனி நிரல்கள்.

ஃப்ரீகேட்டில் "ஓட்டு" என்று அழுத்தினால் கணக்குப் போடுவது ஃப்ரீகேட் இல்லை. அது ஓர் உரைக்கோப்பை எழுதி கால்குலிக்ஸ் என்ற சால்வரிடம் கொடுக்கிறது. மெஷ் போடுவது ஜிமெஷ் அல்லது நெட்ஜென். முடிவைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கப் பாராவியூ. அதே கால்குலிக்ஸுக்கு இன்னொரு முகப்பு ப்ரீபோமேக்ஸ். விண்டோஸில் மட்டும் ஓடும். நீங்கள் விண்டோஸ்காரர் என்பதால் அதைத்தான் முதலில் காட்டுவேன்.

கால்குலிக்ஸ் விளையாட்டுப் பொருளும் இல்லை. எம்.டி.யூ. என்ற விமான எஞ்சின் நிறுவனத்தின் பொறியாளர்கள் எழுதியது. அதன் உள்ளீட்டுக் கோப்பு அபாகஸ் என்ற வணிக மென்பொருளின் கோப்பு நடையிலேயே இருக்கும். ஆகவே ஒரு சந்தேகம் என்றால் அபாகஸ் பற்றி எழுதப்பட்டதைப் படித்தே பாதி விஷயம் புரிந்துகொள்ளலாம். கட்டற்ற கருவிக்கு இப்படி ஓர் இரவல் ஆவணக் குவியல் கிடைப்பது பெரிய வசதி.

"எளிது" என்பதற்கு என் அளவுகோல் பொத்தான்களின் எண்ணிக்கை அல்ல. நான் தப்புச் செய்தால் அந்தக் கருவி எவ்வளவு சீக்கிரம் என்னிடம் சொல்லும்? அதுதான் எனக்கு எளிமை. ப்ரீபோமேக்ஸைத் திறந்ததும் அது கேட்கும் முதல் கேள்வியே "எந்த அலகுமுறை?" என்பதுதான். கால்குலிக்ஸுக்கு அலகு என்பதே தெரியாது, எண்கள்தான் தெரியும். மில்லிமீட்டரில் வரைந்து, எஃகின் அடர்த்தியை 7850 என்று போட்டால் அது பேசாமல் வாங்கிக்கொள்ளும். மில்லிமீட்டர், டன், நொடி முறையில் அது ஒரு கன மில்லிமீட்டருக்கு 0.00000000785 டன். சொந்த எடையைக் கணக்கில் சேர்த்தால் ஒரு லட்சம் கோடி மடங்கு தப்பு. இந்த இடத்தில் கையைப் பிடிக்கிற முகப்பு எதுவோ அதுதான் தொடக்கக்காரருக்கு நண்பன்.

வரைபலகை

ஃப்ரீகேட்டிலும் அலகோடுதான் எழுதுகிறோம் ஐயா. "7850" என்று மட்டும் போட முடியாது, கிலோவும் கன மீட்டரும் கூடவே நிற்கும். அதுவே மாற்றிக்கொள்ளும். பொருள் பட்டியலில் இருந்து எஃகைத் தேர்ந்தால் தட்டச்சு செய்யவே தேவையில்லை.

ப்ரீபோமேக்ஸில் எதையும் வரைய முடியாது என்பதையும் சொல்லுங்கள். வேறெங்காவது வரைந்து ஸ்டெப் கோப்பாகக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதே சுற்று.

நெம்புகோல்

ஒப்புக்கொள்கிறேன், அது உண்மையான குறை. நான் ஃப்ரீகேட்டில் வரைந்து ப்ரீபோமேக்ஸில் கணக்கிடுகிறேன். வடிவம் பத்து முறை மாறும் வேலையென்றால் ஃப்ரீகேட்டுக்குள்ளேயே இருந்துவிடுவது நல்லது. தொடுகை, போல்ட் முன்னிழுவை (இறுக்கும்போதே போல்ட்டில் ஏறும் இழுவிசை), பல பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காருவது என்று வந்தால் ப்ரீபோமேக்ஸில் கை சுளுவாக ஓடுகிறது.

சுழிநீர்

தண்ணீர்க் குழாய் பற்றி யாரும் பேசவில்லையே. அதற்கு ஓப்பன்ஃபோம்தான், 2004 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. ஆனால் "எளிது" என்ற சொல்லை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். அதற்கென்று முகப்பே கிடையாது. ஒரு கோப்புறைக்குள் மூன்று கோப்புறைகள் இருக்கும்: "பூஜ்யம்" என்று எண்ணால் பெயரிட்ட ஒன்றில் தொடக்க நிலைகள், "கான்ஸ்டன்ட்" என்பதில் மெஷும் பொருள்பண்பும், "சிஸ்டம்" என்பதில் கணக்கின் கட்டுப்பாடுகள். எல்லாம் உரைக்கோப்புகள். ஓர் அரைப்புள்ளியை விட்டால் நின்றுவிடும்.

இன்னொன்று. ஓப்பன்ஃபோம் என்ற பெயரில் இரண்டு கிளைகள் தனித்தனியாக வெளிவருகின்றன. ஒன்று 11, 12 என்று எண்ணிடும். மற்றது ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 2406 என்பதுபோல் எண்ணிடும். ஃபோம்-எக்ஸ்டெண்ட் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. முதல் கிளையில் 11ஆம் பதிப்பிலிருந்து சால்வரை அழைக்கும் முறையே மாறிவிட்டது. பழைய பாடத்தைப் பார்த்துப் புதிய பதிப்பில் தட்டினால் அப்படியே ஒத்துவராமல் போகலாம். தப்பு உங்கள்மேல் இல்லை. பாடம் எந்தக் கிளைக்கு, எந்தப் பதிப்புக்கு என்று முதலில் பாருங்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வால்வின் அழுத்த இழப்பு கணக்கிட்டேன், 4.2 என்று வந்தது. பாஸ்கல் என்று நினைத்து அறிக்கையில் எழுதி அனுப்பியும் விட்டேன். எதிர்முனையில் இருந்த பெரியவர் ஒருவர் "இந்த வால்வை ஒரு குழந்தை ஊதினாலே தண்ணீர் பாயும் போலிருக்கிறதே" என்று கேட்டார். அமுங்காத் திரவங்களுக்கான சால்வர்களில் ஓப்பன்ஃபோம் அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்துத்தான் வைத்திருக்கும். தண்ணீருக்கு ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 4200 பாஸ்கல். கோப்பின் தலையில் இருக்கும் பரிமாண வரியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கருவி ஒளிக்கவில்லை, நான்தான் படிக்கவில்லை.

புதுவிசை

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. சுழிநீர் அவர்களே, பயமுறுத்திவிட்டீர்கள். குழாய் வேலையைத் தள்ளிப்போடலாமா?

சுழிநீர்

நேரான குழாய் என்றால் தள்ளிப்போட வேண்டாம், சிமுலேஷனே வேண்டாம். குழாயின் அழுத்த இழப்பைத் தரும் டார்சி-வைஸ்பாக் சமன்பாடு ஒரு தாளில் முடிந்துவிடும். ரெய்னால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கலங்கலானதா என்று காட்டும் எண்) 2300க்குக் கீழே இருந்தால் உராய்வுக் கெழு வெறும் 64 வகுத்தல் ரெய்னால்ட்ஸ் எண். வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் இழப்புக் கெழு அட்டவணைகள் இருக்கின்றன. புதுமாதிரியான வடிவம், உள்ளே எங்கே சுழல் உருவாகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் மட்டும் ஓப்பன்ஃபோமைத் தொடுங்கள்.

தொடுவதென்றால் ஃப்ரீகேட்டில் சி.எஃப்.டி.ஓ.எஃப். என்று ஒரு கூடுதல் பணிமேசை இருக்கிறது. அது பெட்டிகளை நிரப்பவிட்டு, ஓப்பன்ஃபோம் கோப்புகளைத் தானே எழுதித் தரும். அது எழுதிய கோப்புகளைத் திறந்து பார்ப்பதே நல்ல பாடம். முதல் பயிற்சிக்கு அதே நேர்க்குழாயை எடுங்கள். மெதுவான, சீரான ஓட்டத்தில் நடுவில் வேகம் சராசரியைப் போல் இரு மடங்கு வர வேண்டும். வரவில்லையென்றால் மெஷையோ எல்லை நிலையையோ பார்க்க வேண்டும்.

தாமிரக்கம்பி

ஹீட் சிங்க் பற்றி நான். எல்மர் என்று ஒன்று உண்டு. பின்லாந்தின் சி.எஸ்.சி. என்ற கணினி மையத்தில் 1995ல் தொடங்கியது, 2005ல் திறந்துவிட்டார்கள். வெப்பம், மின்காந்தம், கட்டமைப்பு, ஓட்டம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கோக்க முடியும். எல்மர்கூயி என்ற முகப்பு பார்க்கப் பழசாக இருக்கும். ஆனால் உண்மையில் சால்வர் படிக்கும் கோப்பு ஒரு பக்கம்தான், அதைக் கையாலேயே திருத்தலாம். மில்லிமீட்டரில் வரைந்த வடிவத்தைக் கொண்டுவந்தால் 0.001 என்று அளவுச் சுருக்கம் கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கட்டைவிரல் அளவு ஹீட் சிங்க் ஒரு கட்டடம் ஆகிவிடும்.

ஆனால் மென்பொருளைத் தேடும் முன் ஒன்றை யோசியுங்கள். காற்று தானாக மேலெழும் நிலையில் வெப்பப் பரிமாற்றக் கெழு (பரப்பிலிருந்து காற்றுக்கு எவ்வளவு வெப்பம் போகும் என்ற எண்) ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகைக்கு 5 முதல் 25 வாட் வரை என்று புத்தகங்கள் சொல்லும். ஐந்து மடங்கு இடைவெளி! அலுமினியம் நன்றாகக் கடத்துவதால் ஹீட் சிங்கின் வெப்பநிலை உயர்வு கிட்டத்தட்ட அந்த ஓர் எண்ணுக்கு எதிர்விகிதத்தில்தான் போகும். நீங்கள் 5 போட்டால் 60 பாகை உயர்வு என்று வரும், 10 போட்டால் 30 பாகை. படத்தில் அழகழகாக நிறம் வரும், ஆனால் அந்த நிறமெல்லாம் நீங்கள் ஊகித்துப் போட்ட எண்ணின் நிறம். எந்தக் கட்டற்ற கருவியும், எந்த விலையுயர்ந்த கருவியும் இதில் உங்களைக் காப்பாற்றாது. ஒரு வெப்பமானியை வைத்து ஒரே ஒரு அளவீடு எடுத்து அந்தக் கெழுவைப் பின்னோக்கிக் கண்டுபிடித்தால் பிறகு வரும் பத்து வடிவங்களுக்கும் அது உதவும்.

கதிர்வீச்சையும் விடாதீர்கள். பளபளப்பான அலுமினியத்தின் உமிழ்திறன் 0.1க்கும் கீழே, அனோடைஸ் செய்ததற்குச் சுமார் 0.8. விசிறி இல்லாத ஹீட் சிங்கில் இது கணிசமான பங்கு.

கட்டளைவரி

நல்ல குறிப்பு. இந்த அளவு வெப்பக் கணக்குக்கு ஃப்ரீகேட்டும் கால்குலிக்ஸுமே போதும், எல்மர் வரை போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். (ஆம், நானேதான் சொல்கிறேன்.)

புதுவிசை

சரி, ஃப்ரீகேட் நிறுவிவிட்டேன். நேராகப் பிராக்கெட்டில் இறங்கலாமா?

நெம்புகோல்

இறங்காதீர்கள் தம்பி. முதலில் விடை தெரிந்த ஒன்றைச் செய்யுங்கள். 100 மில்லிமீட்டர் நீளம், 10க்கு 10 குறுக்குவெட்டு, எஃகு. ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையில் 100 நியூட்டன் கீழ்நோக்கி. விசை, நீளத்தின் கனம், இரண்டையும் பெருக்கி, மூன்று மடங்கு யங் குணகத்தாலும் (பொருளின் விறைப்பு) குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புதிறனாலும் (அந்த வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) வகுங்கள். 210000 மெகாபாஸ்கலும் 833.3ம் போட்டால் 0.1905 மில்லிமீட்டர். கட்டிய முனையில் வளைவு ஸ்ட்ரெஸ் 60 மெகாபாஸ்கல். இதை அப்படியே எடுத்துக்காட்டுங்கள், பார்ப்போம்.

புதுவிசை

செய்துவிட்டேன். 0.13 மில்லிமீட்டர்தான் வருகிறது. பொருளைச் சரிபார்த்தேன், விசையைச் சரிபார்த்தேன், அளவைச் சரிபார்த்தேன். எதுவும் தப்பில்லை. இதற்குத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்கிறார்களோ?

வரைபலகை

மெஷ் அமைப்பில் எலிமென்ட் (மெஷின் ஒரு துண்டு) வரிசை என்ன? "முதல்" என்று மாற்றினீர்களா?

புதுவிசை

ஆமாம், சீக்கிரம் ஓடும் என்று ஒரு காணொளியில் பார்த்து மாற்றினேன்.

நெம்புகோல்

அதுதான். நாலு மூலை மட்டும் உள்ள முதல் வரிசை நான்முகி, தனக்குள் ஒரே ஓர் ஸ்ட்ரெஸ் மதிப்பைத்தான் வைத்திருக்கும். வளைவது என்றால் மேலே இழுவை, கீழே அமுக்கம், நடுவில் பூஜ்யம். தடிமனில் இரண்டே எலிமென்ட் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை அவற்றால் காட்ட முடியாது, ஆகவே விறைத்துக்கொண்டு நிற்கும். வளைவும் குறையும், ஸ்ட்ரெஸும் குறையும். அதாவது ஆபத்தான பக்கம் தப்பு. கருவி எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் அதன் கணக்குப்படி எல்லாம் சரி. விலை கொடுத்த மென்பொருளில் அதே எலிமென்டைத் தேர்ந்தாலும் இதே 0.13தான்.

ஃப்ரீகேட் இயல்பாக இரண்டாம் வரிசையில்தான் (விளிம்புகளின் நடுவிலும் ஒரு புள்ளி இருக்கும்) வைத்திருக்கிறது. அந்தக் காணொளிக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

புதுவிசை

இரண்டாம் வரிசைக்கு மாற்றினேன். 0.191! அப்பாடா. ஆனால் ஸ்ட்ரெஸ் உச்சம் 60ஐத் தாண்டிப் போகிறது.

நெம்புகோல்

கட்டிய முனையின் மூலையில்தானே? அந்த முகம் பக்கவாட்டிலும் சுருங்க முடியாமல் பூட்டப்பட்டிருக்கிறது. காகிதத்தில் நாம் போட்ட சூத்திரத்துக்கு அது தெரியாது. உச்சத்தை விடுங்கள், தண்டின் நடுவில் மேற்பரப்பைச் சொடுக்கிப் பாருங்கள். அங்கே 30 வர வேண்டும்.

புதுவிசை

30.1.

கட்டளைவரி

இனி அவரை நம்பிப் பிராக்கெட்டைக் கொடுக்கலாம் :)

நேரம் கிடைக்கும்போது நாஃபெம்ஸ் என்ற பொறியியல் சிமுலேஷன் அமைப்பு வெளியிட்ட சோதனைக் கணக்குகளையும் போட்டுப் பாருங்கள். முதல் கணக்கு ஒரு நீள்வட்டத் தகடு. குறிப்பிட்ட ஒரு புள்ளியில் 92.7 மெகாபாஸ்கல் வர வேண்டும். எந்தப் புதிய மென்பொருளைக் கையில் எடுத்தாலும் எனக்கு அதுதான் முதல் வேலை. எந்த மென்பொருள் நல்லது என்று மணிக்கணக்கில் வாதாடுவதைவிட இது அரை மணியில் முடியும்.

தாமிரக்கம்பி

இடையில் ஒரு கேள்வி. வேலை கொடுப்பவர்கள் "இலவச மென்பொருளில் செய்தீர்களா" என்று மூக்கைச் சுளிப்பதில்லையா?

நெம்புகோல்

சுளித்தவர்கள் உண்டு. பெயரைப் பார்த்துக் கேட்பவர்களிடம் நான் இந்தக் கைக்கணக்கு ஒப்பீட்டை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன். அப்புறம் பேச்சு மென்பொருளைவிட்டு லோடு பற்றிப் போய்விடும், போக வேண்டிய இடமும் அதுதான். உரிமத்தில் சிக்கல் இல்லை. கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றுக்கு இருக்கும் ஜிபிஎல் உரிமம் வணிக வேலைக்குப் பயன்படுத்துவதைத் தடுப்பதில்லை. உங்கள் வரைபடமும் முடிவும் உங்களுடையவை. நிரலையே, மாற்றியோ மாற்றாமலோ, மற்றவர்களுக்கு விநியோகித்தால்தான் மூலத்தைக் கொடுக்கும் கடமை வருகிறது.

புதுவிசை

பிராக்கெட் ஓட்டினேன். முதலில் "நான்பாசிட்டிவ் ஜக்கோபியன்" என்று ஒரு பிழை வந்து நின்றுவிட்டது. பிறகு வந்த இன்னொன்றில் நகர்வு பல கோடி மில்லிமீட்டர். பிராக்கெட் நிலாவுக்குப் போய்விட்டது.

வரைபலகை

இரண்டுக்கும் காரணம் வேறு.

முதலாவது: இரண்டாம் வரிசை எலிமென்டின் நடுப்புள்ளிகளை மெஷ் நிரல் வளைந்த பரப்பின் மீது கொண்டுபோய் வைக்கும். சின்னத் துளை, பெரிய எலிமென்ட் என்றால் அந்த இழுப்பில் எலிமென்ட் தன்னைத்தானே மடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் மெஷை நுணுக்குங்கள். இல்லையென்றால் ஜிமெஷ் அமைப்பில் உயர்வரிசைச் சீராக்கத்தை இயக்குங்கள். அதுவும் கேட்கவில்லையென்றால் நடுப்புள்ளிகளை நேர்கோட்டிலேயே வைக்கும் தேர்வு இருக்கிறது, கொஞ்சம் வடிவத் துல்லியம் போகும்.

இரண்டாவது: எங்கோ கட்ட மறந்துவிட்டீர்கள். தரையே இல்லாமல் தள்ளினால் ஓடத்தான் செய்யும். இரண்டு பாகங்களாக வரைந்து ஒட்டாமல் விட்டீர்களா?

புதுவிசை

ஆமாம், செங்குத்துத் தகடும் கிடைத் தகடும் தனித்தனியாக இருந்தன. ஒன்றாக்கிவிட்டேன். ஓடுகிறது.

இப்போது புதுப் பிரச்சினை. உள்மூலையில் மெஷ் 4 மில்லிமீட்டர் என்றால் 118 மெகாபாஸ்கல். 2 என்றால் 160. 1 என்றால் 219. அரை மில்லிமீட்டர் போட்டால் நினைவகம் போதவில்லை. எதுதான் உண்மை?

கட்டளைவரி

எதுவுமில்லை. கூர்மையான உள்மூலையில் கோட்பாட்டின்படி ஸ்ட்ரெஸ் முடிவிலி. மெஷை எவ்வளவு நுணுக்குகிறீர்களோ அவ்வளவு அதை எட்டிப்பிடிக்கப் பார்க்கும். உங்கள் எண்களே சொல்கின்றன பாருங்கள், மெஷைப் பாதியாக்கும்போதெல்லாம் சுமார் 1.36 மடங்கு. செங்கோண உள்மூலைக்கு இந்த விகிதம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்க வேண்டும். அதாவது உங்கள் மாதிரி சரியாக வேலை செய்கிறது, கேள்விதான் தப்பு.

நெம்புகோல்

நிஜப் பிராக்கெட்டில் அந்த மூலை கூர்மையாக இருக்காது. வெல்டு இருக்கும், அல்லது வளைத்த தகட்டின் ஆரம் இருக்கும். அதை வரைபடத்தில் போடுங்கள். 3 மில்லிமீட்டர் ஃபில்லெட் (மூலையை வட்டமாக்கும் வளைவு) கொடுத்து மறுபடி மூன்று மெஷில் ஓட்டுங்கள். மெஷை மொத்தமாக நுணுக்க வேண்டாம், அந்த ஃபில்லெட் பரப்பில் மட்டும் போதும். என் 16 ஜிபி கணினியில் 2 லட்சம் நோடு (மெஷின் புள்ளிகள்) வரை தொல்லையில்லாமல் போகிறது. உங்களுக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது.

புதுவிசை

ஓட்டினேன். 96, 103, 104. நின்றுவிட்டது! இப்போதுதான் நம்பிக்கை வருகிறது. ஃப்ரீகேட்டிலேயே இருக்கப்போகிறேன். போல்ட் தொடுகை வரும்போது ப்ரீபோமேக்ஸ், குழாய்க்கு இப்போதைக்குக் காகிதம்.

வரைபலகை

மகிழ்ச்சி. ஒரு சின்னச் சந்தேகம்: அந்த 3 மில்லிமீட்டர் ஃபில்லெட்டுக்கு அங்கே இடம் இருக்கிறதா? மோட்டாரின் அடித்தட்டு விளிம்பு அந்த மூலையில்தானே வந்து உட்காரும்?

புதுவிசை

ஐயோ. இடிக்கிறது. மோட்டாரை 4 மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு மறுபடி வருகிறேன்.